ஐந்தாம் மாடியில் மணிக்கூட்டைக் கழற்றிய நாள்

போன மாதம் ஹரோவில் எங்கள் தமிழ்த் தாதிமார் ஒன்றுகூடலில் ஓர் இளம் நேர்ஸ் பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது நோயாளிக்கு அவருடைய வருத்தம் தீராத நோய் என்று சொல்வதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறதாம். யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது, நோயாளி என்ன கேட்டார், எல்லாம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். "அன்ரி, உங்கட காலத்திலை எப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். என் வாயில் வடை இருந்தது. அதைச் சாட்டாக வைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் வாய் ஓயாமல் கதைத்தே வேலை செய்தவள் நான். வீடு வந்து சேரும்வரை அந்த மௌனம் எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

லண்டனுக்கு வந்து தாதியாகப் படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளிர், அவித்த முட்டைக்கோவா, கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கும் விதம். மூன்றும் பழகிவிட்டன. பழகாதது ஞாயிற்றுக்கிழமை. நோர்பரியில் கடைக்கு மேலே ஒரு சின்ன பிளாட்டில் இருந்தேன். ஒரு சுண்டு அரிசி போட்டால் மூன்று நாளைக்குக் காணும். எனக்குக் கலியாணம் பேசிப் பேசி, கடைசியில் பேசினவர்களே களைத்துப்போனார்கள். கொழும்பில் அண்ணையோடு அம்மா இருந்தா. மாதம் ஒரு கடிதம் வரும். முழுக்க அண்ணையின் கையெழுத்து, கடைசியில் மட்டும் அம்மா தன் கையால் ஒரு வரி எழுதுவா: "பிள்ளை, நேரத்துக்குச் சாப்பிடு." அந்த ஒரு வரிக்காகத்தான் நான் கடிதத்தைப் பின்னால் இருந்து வாசிப்பேன்.

முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. அங்கேதான் சத்திரசிகிச்சை நிபுணர் மிஸ்டர் ஹால்டனைக் கண்டேன். பொல்லாத செய்தி சொல்வதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. படிக்கிற டொக்டர்மாரை வெளியே அனுப்புவார். நோயாளியின் தலைக்குக் கீழே தன் தலை இருக்கும்படி ஒரு பதிந்த கதிரையை இழுத்துப் போடுவார். பிறகு கையில் கட்டியிருக்கும் மணிக்கூட்டைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போடுவார். நேரத்தைப் பார்க்கிற மனிதனிடம் யாரும் தங்கள் பயத்தைச் சொல்லமாட்டார்கள் என்று ஒருநாள் எங்களுக்குக் காரணம் சொன்னார். மணிக்கூடு பைக்குள் போனபிறகுதான் வாயைத் திறப்பார். அந்த மனிதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்தது.

எண்பதுகளின் நடுவில் அவர் நகரத்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு பிரைவேற் ஆஸ்பத்திரியில் கூடுதலாக வேலை செய்யத் தொடங்கினார். நானும் விண்ணப்பம் போட்டு அங்கே போய்விட்டேன். அப்போது லண்டனின் முகமே மாறிக்கொண்டிருந்தது. எட்ஜ்வெயார் வீதியில் கடைப் பலகைகள் அரபு எழுத்தில் தொங்கின. பெரிய ஹோட்டல்கள், பூங்காவைப் பார்த்த வீடுகள் எல்லாம் யார் யாருடையதோ ஆகிவிட்டன என்று பஸ்ஸில் இருக்கிற வெள்ளைக்காரக் கிழவிகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துவிட்டு அங்கேயே வேலைக்கும் போவார்கள். எண்ணெய் விற்ற நாடுகள் தங்கள் குடிமக்களை வைத்தியத்துக்கு லண்டனுக்கு அனுப்பின. தூதரகத்தின் சுகாதார அலுவலகம் ஒரு உத்தரவாதக் கடிதம் கொடுக்கும்: இந்த நோயாளிக்கு இத்தனை கிழமை வைத்தியம், செலவு எங்களுடையது. அந்தக் கடிதம் இருந்தால் எந்தக் கதவும் திறக்கும். பணம் பாதாளம் மட்டும் பாயும் என்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அது லிப்ற்றில் ஏறி ஐந்தாம் மாடிக்குப் பாய்ந்தது.

ஐந்தாம் மாடி முழுவதும் அவர்களுக்காக மாற்றப்பட்டது. ஒவ்வோர் அறையிலும் மக்காவின் திசை காட்டும் அம்புக்குறி, ஏலக்காய்க் கோப்பி, பேரீச்சம்பழம், உறவினர் கூடியிருக்கப் பெரிய சோபா. எங்கள் தலைமைத் தாதி, மேற்றன் மிஸ் பிரைஸ் இதையெல்லாம் நின்றபடி நடத்தினார். அவர் உட்கார்ந்ததை நான் கண்டதில்லை. வார்ட்டுக்குள் வந்தால் முதலில் கட்டில் கம்பியில் விரலை ஓட்டுவார், பிறகு விரலைப் பார்ப்பார், பிறகுதான் எங்களைப் பார்ப்பார். என்னை "நேர்ஸ் கந்தையா" என்பார். அது என் அப்பாவின் பெயர். அப்பா பாவம், ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற மனிதர்.

அபூ சாலிம் என்ற கிழவர் ஓர் ஆவணி மாதத்தில் அங்கே வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, அகன்ற நெஞ்சு, இரண்டு காதும் கொஞ்சம் மந்தம். பெரிய பணக்காரர் இல்லை. ஆனால் அவருடைய தங்கை மகன் எண்ணெய் அமைச்சில் பெரிய ஆள். அந்த மருமகன் பார்க்க வந்த அன்று, எங்கள் நிறுவனத் தலைவர், சேர் பட்டம் பெற்றவர், மழையில் குடையில்லாமல் வாசலில் நின்றார். இரண்டு நாளில் அரசாங்கத் திணைக்களம் ஒன்றிலிருந்து நோயாளி வசதியாக இருக்கிறாரா என்று கேட்டு ஒரு கடிதமும் வந்தது. நான் முன்பு வேலை செய்த ஆஸ்பத்திரியில் வார்ட்டுக்கு வெளியே ஆட்கள் நடக்கிற ஓடையில் கட்டில் போட்டு ஆட்களைக் கிடத்தினோம். ஐயோ, அவர்களை ஒரு திணைக்களமும் விசாரித்ததில்லை. கிழவருக்கும் இந்தத் தடல்புடல் சிரிப்பாகத்தான் இருந்தது. "என் தோளில் இருந்து மூத்திரம் பெய்தவன்," என்று மருமகனைப் பற்றி மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் யூசுப், நாலு பிள்ளைகளோடு லண்டனில் இருந்த சூடான் மனிதர். சம்பளம் அந்தச் சுகாதார அலுவலகத்தில்.

ஒருநாள் நானும் உதவியாளர் பரமேஸ் அக்காவும் கிழவரைக் கட்டிலில் மேலே நகர்த்தினோம். "அக்கா, உந்தப் பக்கத்தைப் பிடிச்சு இழுங்கோ," என்றேன். கிழவர் பட்டென்று கண்ணைத் திறந்து, "இழு! இழு!" என்றார். பிறகு "தண்ணி" என்றார், "சிப்பி" என்றார். அரபுக்காரர் வாயில் எங்கள் தமிழ்! பரமேஸ் அக்கா முருகா என்று நெஞ்சில் கை வைத்தா.

யூசுப்பைக் கூப்பிட்டுக் கதையைக் கேட்டோம். எண்ணெய் வருவதற்கு முன்பு அவர்களுடைய நாட்டில் முத்துக்குளிப்புத்தான் தொழில். பதினாலு வயதில் தகப்பனோடு பாய்க்கப்பலில் மன்னார்க் கடலுக்கு வந்திருக்கிறார், எங்கள் கடலுக்கு, கூலிக்கு. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். இடுப்புக் கயிற்றின் மறுமுனையை மேலே தகப்பன் பிடித்திருப்பார். மூச்சு முடிந்தால் கீழேயிருந்து கயிற்றை இரண்டு தரம் இழுக்க வேண்டும், மேலே இருப்பவர் உடனே தூக்க வேண்டும். தகப்பனுக்குக் காய்ச்சல் வந்தபோது மகனுடைய கயிற்றை எங்கள் கரையோர ஆள் ஒருவர் பிடித்தாராம், பெயர் அந்தோனி. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, அந்த மூன்று தமிழ்ச் சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது. கரையில் வெள்ளைக்காரத் துரை பிரம்போடு கதிரையில் இருக்க, இவர்கள் வெயிலில் நின்று சிப்பிக் குவியலில் பெரும் பங்கை அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். "இப்போது துரை நிற்கிறார், நான் படுத்திருக்கிறேன்," என்று மிஸ்டர் ஹால்டன் வரும் நேரம் பார்த்துச் சொல்லிச் சிரித்தார். அன்று முதல் என்னை அந்தோனி என்றுதான் கூப்பிட்டார். ஆம்பிளைப் பெயரென்றால் என்ன? ஐந்து மாடியிலும் என் அப்பாவின் பெயரைச் சொல்லாத ஒரே மனிதர் அவர்தான். எனக்கு அவர் அறைக்குப் போக ஆசையாக இருந்தது.

வயிற்றைத் திறந்தார்கள். திறந்தபடியே மூடினார்கள். கணையத்தில் புற்றுநோய், ஈரல் முழுக்கப் பரவியிருந்தது. மிஸ்டர் ஹால்டன் அறைக்கு வெளியே பதிந்த கதிரையைத் தேடினார். சுகாதார அலுவலகத்து அதிகாரி மறித்தார். இரண்டு மகன்மாரும் மறித்தார்கள். தகப்பனுக்குச் சொல்லக் கூடாது, பித்தப்பையில் கல் இருந்தது, எடுத்தாயிற்று என்று சொல்ல வேண்டும், வைத்தியம் தொடர வேண்டும், கடிதத்தை எத்தனை தரமும் புதுப்பிப்போம். மகன்மாரைக் குறை சொல்லமாட்டேன். மூத்தவன் படிக்கட்டில் இருந்து குழந்தை போல அழுதான். ஆனால் மிஸ்டர் ஹால்டன் சரி என்றாரே, அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அன்று அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி கல் கதையைச் சொன்னார். மணிக்கூடு கையிலேயே இருந்தது. இரண்டு தரம் அதைப் பார்த்தார்.

எனக்கு அது பிழையாகப் படவில்லை என்பதையும் எழுத வேண்டும். எங்கள் ஆட்களும் அப்படித்தானே. வருத்தக்காரனுக்கு வருத்தத்தைச் சொல்லுவோமா? சொன்னால் இருக்கிற உயிரும் போய்விடும் என்போம். சாகக் கிடக்கிறவரைச் சுற்றி நின்று "ஒண்டுமில்லை, சுகம் வந்திடும்" என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுவோம். அதற்குப் பெயர் அன்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம். மகன்மார் தொழப் போயிருந்தார்கள். நான் சேலைன் போத்தலை மாற்றிக்கொண்டிருந்தேன். கிழவர் அழைப்பு மணியின் வயரைக் கையில் சுற்றிப் பிடித்து இரண்டு தரம் இழுத்தார். மணி அடிப்பதற்கு இழுக்கத் தேவையில்லை, பொத்தானை அமத்தினால் போதும். என் கண்ணைப் பார்த்து, "அந்தோனி, இழு," என்றார்.

என்ன கேட்டார் என்று எனக்கு விளங்கியது. மூச்சு முடிகிறது என்று அவருக்குத் தெரியும், அதை மேலே இருக்கிறவளின் வாயால் கேட்க விரும்புகிறார். நான் அவருடைய நெற்றியைத் தடவி, "ஒண்டுமில்லை, சுகம், எல்லாம் சுகம்," என்றேன். சிரித்தேன் வேறு. அவர் வயரை விட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அதன் பிறகு ஊசி போட்டால் நன்றி சொன்னார், கோப்பி கொடுத்தால் தலையை ஆட்டினார். தமிழ்ச் சொல் ஒன்றும் அவர் வாயில் வரவில்லை. அந்தோனி என்றும் கூப்பிடவில்லை.

ஆறாம் கிழமை உத்தரவாதக் கடிதம் இன்னும் மூன்று மாதத்துக்குப் புதுப்பித்து வந்தது. மிஸ் பிரைஸ் அதைக் கோப்பில் வைத்தபோது அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியதைக் கண்டேன். நிம்மதி. கிழவருக்கு மூன்று மாதம் எங்கே? இன்னும் ஒரு கிழமை போனால் பிளேனில் படுக்க வைத்துக் கொண்டுபோகவும் ஏலாது. மிஸ்டர் ஹால்டனை ஓடையில் மறித்து, அவரை ஊருக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டேன். நோயாளி தானாகக் கேட்டால் பயணத்துக்குக் கையெழுத்து வைப்பேன், அவர் கேட்கவில்லையே என்றார். தனக்கு என்னவென்று தெரியாதவர் எப்படிக் கேட்பார்? சுகம் வரும் என்று எல்லாரும் சொல்ல, அவர் ஏன் ஊருக்குப் போக வேண்டும் என்பார்? அந்தக் கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்டேன். மிஸ்டர் ஹால்டன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த நாள் காலை உடம்பு துடைக்கும் நேரம். மகன்மார் மத்தியானத்துக்கு முன் வரமாட்டார்கள். யூசுப்பைக் கூப்பிடவில்லை, நாலு பிள்ளைக்காரன் வயிற்றில் ஏன் அடிப்பது? கதவைச் சாத்தினேன். கோப்பி வைக்கும் குட்டி முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தேன். என் மார்பில் குத்தியிருந்த மணிக்கூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். மணியின் வயரை எடுத்து அவருடைய கையில் வைத்து, என் கையால் இரண்டு தரம் இழுத்தேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

வார்ட்டில் பொறுக்கிய அரபுச் சொற்கள் இருபது முப்பதுதான் என்னிடம் இருந்தன. கல் இல்லை என்றேன். நோய் பெரியது என்றேன். மருந்து இல்லை என்றேன். "கலாஸ்," என்றேன். முடிந்தது என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது, சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது தினமும் அவரிடம் கேட்டிருக்கிறேன். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. கதவைக் காட்டி, தன் மகன்மாரின் உயரத்தைக் கையால் காட்டினார். அவர்களுக்குத் தெரியுமா? ஓம் என்று தலையை ஆட்டினேன். டொக்டருக்கு? ஓம். என் பக்கம் விரலை நீட்டினார். ஓம்.

பிறகு அவரே பொத்தானை அமத்தி யூசுப்பைக் கூப்பிடச் சொன்னார். யூசுப் என் முகத்தைப் பார்த்ததும் விசயத்தைப் பிடித்துக்கொண்டார். கதவருகில் நின்று மெல்லிய குரலில் மொழிபெயர்த்தார். கிழவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்: "ஆறு கிழமையாக இந்த அறைக்கு எத்தனை பேர் வந்து போனார்கள். என் பிள்ளைகள் வந்தார்கள், டொக்டர் வந்தார், இவள் வந்தாள், நீ வந்தாய். நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. தனியத்தான் கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்."

அன்று பகல் மிஸ்டர் ஹால்டனும் அதிகாரியும் மகன்மாரும் ஒன்றாக அறைக்குள் வந்தார்கள். கிழவர் தலையணையில் நிமிர்ந்து இருந்து, எனக்கு என் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். யூசுப் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அதிகாரி குறுக்கே விழுந்து, மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்றார். மிஸ்டர் ஹால்டன் என்னைப் பார்த்தார். மணிக்கூடு இல்லாத என் மார்பைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்ததைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தார். "அவர் கேட்டுவிட்டார்," என்றார் அதிகாரியிடம்.

நாலாம் நாள் கிழவர் புறப்பட்டார். மூத்த மகன் என்னோடு பேசவில்லை. இளையவன் என் கையைப் பிடித்துவிட்டுப் போனான். அம்புலன்சில் ஏற்றும்போது கிழவர், "அந்தோனி," என்றார், அவ்வளவுதான். ஊரில் பத்தொன்பது நாள் இருந்தாராம், கடல் தெரியும்படி கட்டிலைப் போடச் சொன்னாராம், யூசுப் ரெலிபோனில் சொன்னார். அந்தச் சுகாதார அலுவலகம் அதன்பின் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஐந்தாம் மாடியில் பாதி அறைகளுக்கு விளக்குப் போடவில்லை.

மிஸ் பிரைஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அன்றுதான் அவர் உட்கார்ந்ததைக் கண்டேன். "அந்த மாடிதான் மற்ற நாலு மாடியையும் சுமக்கிறது, நேர்ஸ் கந்தையா," என்றார். "நீங்கள் செய்தது சரி. நீங்கள் இங்கே இருக்க முடியாது." ஒரு நல்ல சிபாரிசுக் கடிதம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். அதை வைத்துத்தான் சட்டன் என்ற ஊரில் வயோதிபர் வார்ட் ஒன்றில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை இருந்தேன். அங்கே எத்தனையோ பேருக்குச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் மணிக்கூட்டைக் கழற்றினேன்.

கிழவர் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சக் கதை. தனியத்தான் கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று கிழவர் சொன்னது தலைக்குள் நின்றது. சோறு உலையில் இருக்க, அண்ணையின் கடிதங்களை எடுத்து மேசையில் பரப்பினேன். அம்மாவுக்குக் கண் மங்கல், எழுத ஏலாதாம் என்று அண்ணை எழுதியிருந்தார். நான் அதை நம்பித்தான் இருந்தேன். கடைசி எட்டுக் கடிதத்தில் அம்மாவின் வரி இல்லை. அம்மா சுகம், அம்மா சுகம், அம்மா சுகம். வைகாசியில் அவவின் இருமலுக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருந்தேன். அம்மாவுக்கு நல்லாப் பிடிச்சுது என்று பதில் வந்திருந்தது, எல்லாம் ஒரே கையெழுத்தில்.

அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தேன். சுகம் விசாரிக்கவில்லை.

"அண்ணை, அம்மா இருக்கிறாவோ?"

அந்தப் பக்கம் ரேடியோ சத்தம் கேட்டது. யாரோ அதை நிற்பாட்டினார்கள்.

"மாசியிலை, பிள்ளை," என்றார் அண்ணை. "நீ அங்கை தனிய இருக்கிறாய். அழுதால் கட்டிப் பிடிக்க ஒருதரும் இல்லை எண்டுதான் சொல்லாமல் விட்டனாங்கள்."

மேசையில் பரப்பியிருந்த கடிதங்களை ஒன்றாய் அடுக்கினேன். பிறகு அவர் கேட்டார்: "உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை, அண்ணை," என்றேன். "அதுதான் கேட்டனான்."